ஹவுமேயாவின் பிள்ளைகள்

2004 டிசம்பர் 28. கிறிஸ்துமஸ் கழிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கலிபோர்னியாவின் கால்டெக் கல்விக்கழகத்தில் மைக் பிரவுனின் குழு, பாலோமர் மலைத் தொலைநோக்கி அந்த ஆண்டு மே மாதம் எடுத்த படங்களைச் சலித்துக்கொண்டிருந்தது. வேலை எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. வானத்தின் ஒரே துண்டைச் சில மணி நேர இடைவெளியில் மூன்று முறை படம் பிடிப்பார்கள். நட்சத்திரங்கள் அசையாது. சூரியக் குடும்பத்தைச் சேர்ந்த ஏதாவது இருந்தால் அது மட்டும் ஓர் இம்மி நகர்ந்திருக்கும். அன்று அப்படி நகர்ந்த ஒரு புள்ளி சிக்கியது. நெப்டியூனுக்கும் அப்பால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல ஏறத்தாழ 50 மடங்கு தூரத்தில் இருந்துகொண்டு, அந்தத் தூரத்துக்குச் சற்றும் பொருந்தாத பிரகாசத்தோடு அது தெரிந்தது. பண்டிகைக் காலம் என்பதால் கிறிஸ்துமஸ் தாத்தாவை நினைத்து 'சாண்டா' என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

ஒரு மாதத்துக்குள், 2005 ஜனவரி 26 அன்று, ஹவாய்த் தீவின் மவுனா கேயா சிகரத்திலுள்ள கெக் தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பியபோது சாண்டாவுக்கு அருகே ஒரு நிலா தெரிந்தது. சாண்டாவின் வண்டியை இழுக்கும் கலைமானின் பெயர் அதற்குக் கிடைத்தது: ருடால்ஃப். ஜூன் 30ஆம் தேதிப் படத்தில் அதைவிட மங்கலாக இன்னொன்று இருந்தது. அது பிளிட்சன்.

இந்த நிலாக்கள் கண்ணில் பட்டதற்கு ஒரு புதுக் கருவியே காரணம். காற்றின் அலைவால் நட்சத்திரம் மினுங்குகிறது. கண்ணுக்கு அழகு, வானியலாளருக்குத் தலைவலி. கெக்கில் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். லேசர் கற்றையை வானத்தில் பாய்ச்சினால், சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய அடுக்காகப் பரவியிருக்கும் சோடியம் அணுக்கள் மஞ்சளாக ஒளிர்ந்து செயற்கை நட்சத்திரம் ஒன்றைத் தோற்றுவிக்கும். அது எப்படித் துடிக்கிறது என்பதைக் கணினி பார்த்து, அந்தத் துடிப்பை ஈடுகட்டும்படி ஒரு சிறு கண்ணாடியை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைக்கும். காற்றே இல்லாததுபோல படம் தெளியும். அந்த லேசர் கெக்கில் பயன்பாட்டுக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

நிலா கிடைத்தால் வானியலாளருக்குப் புதையல் கிடைத்த மாதிரி. அது எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் சுற்றுகிறது என்று தெரிந்தால் போதும், தாய்க்கோளின் நிறை நியூட்டனின் விதியிலிருந்து தானாக வந்துவிடும். ருடால்ஃப் சுமார் 49,900 கிலோமீட்டர் தொலைவில் 49 நாளுக்கு ஒரு சுற்று, பிளிட்சன் சுமார் 25,700 கிலோமீட்டரில் 18 நாளுக்கு ஒரு சுற்று. கணக்கிட்டால் சாண்டாவின் நிறை புளூட்டோவின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு.

உண்மையான அதிர்ச்சி வேறொரு மலையிலிருந்து வந்தது. குழுவில் ஒருவரான யேல் பல்கலைக்கழகத்து டேவிட் ரபினோவிட்ஸ், சிலியின் செர்ரோ டோலோலோவில் இருக்கும் 1.3 மீட்டர் தொலைநோக்கியால் சாண்டாவின் பிரகாசத்தை இரவுக்கு இரவு அளந்துவந்தார். அது ஏறி இறங்கியது. சிறிதளவு அல்ல, கால் பங்குக்கும் சற்று மேல். இரண்டு மணி நேரத்துக்குள் ஏறி இறங்கி மறுபடி ஏறும். இரண்டு ஏற்ற இறக்கம் சேர்ந்தது ஒரு முழுச் சுழற்சி என்று கொண்டால், அந்தக் கோளின் ஒரு நாள் 3.9 மணி நேரம். சூரியக் குடும்பத்தில் நூறு கிலோமீட்டரைத் தாண்டிய எந்தப் பொருளும் இவ்வளவு வேகமாகச் சுழல்வதாக அதுவரை தெரியாது. அந்த வேகத்தில் அது உருண்டையாக இருக்க முடியாது.

இங்கே சற்று நிற்க வேண்டும். தன் ஈர்ப்பால் தன்னைத் தானே பிடித்துவைத்திருக்கும் திரவ உருண்டை ஒன்று சுழன்றால் என்ன ஆகும் என்பது நியூட்டன் காலத்துக் கேள்வி. மெதுவாகச் சுழன்றால் துருவங்களில் அமுங்கி நடுவில் பருக்கும். பூமியும் அப்படித்தான். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் நடுப்பகுதியே வட்டமாக இருக்காது, ஒரு பக்கமாக நீண்டுவிடும் என்று 1834இல் கார்ல் யாக்கோபி காட்டினார். நீளம், அகலம், உயரம் மூன்றும் வெவ்வேறாக உள்ள வடிவம். கணிதக்காரர்களுக்குப் பிடித்துப்போய் நூறு ஆண்டுகள் அதைத் துருவிவிட்டு, பிறகு கைவிட்டார்கள். தூசி தட்டி எடுத்து ஒழுங்குபடுத்தியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பின்னர் சிகாகோவில் பணியாற்றிய சுப்ரமணியன் சந்திரசேகர். 1960களில் நார்மன் லெபோவிட்சுடன் சேர்ந்து செய்த வேலைகளைத் தொகுத்து, சமநிலையில் சுழலும் நீள்கோள வடிவங்களைப் பற்றி 1969இல் ஒரு நூலாக வெளியிட்டார். வெண்குறுமீன்களுக்காக அவரை நினைப்பவர்கள் இந்த நூலைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள கைப்பர் பட்டையில் வேகமாகச் சுழலும் ஒரு பனிப்பாறைக்கு வடிவம் கணிக்க உட்காருகிறவர் இன்றும் அந்த அட்டவணைகளைத்தான் திறக்கிறார்.

சாண்டாவுக்கு அந்தக் கணக்கு சொன்ன வடிவம், ஆற்றில் உருண்டு தேய்ந்த தட்டையான கூழாங்கல். ஒரு திசையில் புளூட்டோவுக்குக் கிட்டத்தட்ட சமமான நீளம், மற்றொரு திசையில் அதில் பாதி. நம் கண்ணுக்கு நீண்ட பக்கமும் குறுகிய பக்கமும் மாறி மாறித் தெரிவதால்தான் பிரகாசம் ஏறி இறங்குகிறது.

இத்தனையையும் சேர்த்து நிதானமாக வெளியிடலாம் என்று பிரவுன் வைத்திருந்தார். அதற்குள் ஜூலை வந்தது. ஸ்பெயினின் ஆண்டலூசியா வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோசே லூயிஸ் ஓர்டிஸின் குழு, சியரா நெவாடா ஆய்வகத்தில் 2003 மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அதே பொருளைக் கண்டதாக 2005 ஜூலை 27 அன்று சிறுகோள் மையத்துக்கு எழுதியது. இரண்டு நாளில் உலகம் அறிந்தது. பிரவுன் முதலில் வாழ்த்தே சொன்னார். பிறகு தெரிந்த செய்தி கசந்தது. ஒரு மாநாட்டுக்காக அமெரிக்கக் குழு ஜூலை 20 அன்று வெளியிட்ட சுருக்கத்தில் சாண்டாவின் குறியீட்டு எண் இருந்தது. அந்த எண்ணை இணையத்தில் தேடினால் சிலித் தொலைநோக்கியின் பதிவேடு திறக்கும், எந்த இரவில் அது எங்கே குறிவைத்தது என்று காட்டும். ஸ்பானியக் குழு அறிவிப்பதற்கு முந்தைய நாள் அந்த நிறுவனத்தின் கணினி ஒன்றிலிருந்து அந்தப் பக்கங்கள் பார்க்கப்பட்டிருந்தன. பார்த்தது உண்மை, அது யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பக்கம், தாங்கள் கண்டதும் அதுவும் ஒன்றுதானா என்று சரிபார்த்ததில் தவறில்லை என்பது ஓர்டிஸின் நிலைப்பாடு. பதிவேடு திறந்துகிடப்பது தெரிந்ததும், கையிலிருந்த வேறு இரண்டு பெரும் பொருள்களும் பறிபோகும் என்று அஞ்சிய பிரவுன் ஜூலை 29 அன்றே அவற்றையும் அவசரமாக அறிவித்தார். அவைதான் இன்று ஏரிஸ் என்றும் மக்கேமக்கே என்றும் அறியப்படுபவை. அடுத்த ஆண்டு புளூட்டோவின் கோள் பதவியைப் பறித்தது அந்த ஏரிஸ்தான்.

யார் கண்டுபிடித்தது என்ற வழக்கில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் தீர்ப்புச் சொல்லவில்லை. அது செய்தது அதைவிடச் சாமர்த்தியம். 2008 செப்டம்பர் 17 அன்று குறுங்கோள் தகுதியும் பெயரும் தந்தபோது, கண்டுபிடித்த இடம் சியரா நெவாடா என்று எழுதி, கண்டுபிடித்தவர் என்ற இடத்தைக் காலியாக விட்டது. பெயரை மட்டும் அமெரிக்கக் குழு கேட்டபடி கொடுத்தது. ஸ்பானியர்கள் கேட்ட பெயர் அட்டேசினா, பண்டை ஐபீரியாவின் கீழுலகத் தேவதை. கீழுலகத் தெய்வப் பெயர்கள் புளூட்டோவைப் போல நெப்டியூனோடு 2:3 ஒத்திசைவில் சுற்றுபவைக்கு என்று ஒதுக்கப்பட்டவை. இது அந்த வகை அல்ல. கைப்பர் பட்டையின் மற்றவர்களுக்குப் படைப்புத் தெய்வங்கள் வேண்டும். இடம் ஒருவருக்கு, பெயர் மற்றவருக்கு. இரு தரப்பும் முழுதாக மகிழவில்லை என்பதால் நல்ல பஞ்சாயத்து என்றே சொல்ல வேண்டும்.

ஹவுமேயா என்ற பெயரை முன்மொழிந்தவர் ரபினோவிட்ஸ். நிலாக்கள் இரண்டும் மவுனா கேயாவில் கண்டெடுக்கப்பட்டவை, அந்த மலை நிற்கும் தீவின் தாய்த்தெய்வம் ஹவுமேயா. பிள்ளைப்பேற்றின் தேவி. அவள் பிள்ளைகள் அவள் உடம்பின் வெவ்வேறு உறுப்புகளிலிருந்து முளைத்தவர்கள். அவளைப் பூமித்தாயான பாப்பாவோடு ஒன்றாகப் பார்க்கும் மரபும் உண்டு. பாப்பாவின் கணவன் வானத்தந்தை வாக்கேயா. அவன் பெயரால் அந்தச் சிகரத்தை வாக்கேயாவின் மலை என்று ஹவாயர்கள் அழைப்பார்கள்.

நிலாக்களுக்கு அவளுடைய இரண்டு மகள்கள் கிடைத்தார்கள். பெரிய நிலா, முன்னாள் ருடால்ஃப், ஹியியாக்கா ஆனது. ஹவுமேயாவின் வாயிலிருந்து பிறந்தவள் அவள் என்பார்கள். அக்காள் பெலே, முட்டை வடிவிலிருந்த அந்தத் தங்கையைத் தூரதேசத்திலிருந்து படகில் சுமந்துவந்தாளாம். பூனா கடற்கரையில் முதன்முதலில் ஹுலா ஆடியவளும் ஹியியாக்காதான். ஹுலா ஆடுபவர்களின் காவல் தெய்வம் இன்றும் அவள். சின்ன நிலா நாமாக்கா, கடல் தேவதை. பெலேக்கு இவளும் உடன்பிறந்தவள்தான், ஆனால் பகையாளி.

பெலே எரிமலையின் தேவி. தமக்கையின் கோபத்துக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிவந்தவள், ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் வடமேற்குக் கோடியில் கரையேறி ஒரு நெருப்புக் குழி தோண்டுகிறாள். நாமாக்கா கடலோடு துரத்திவந்து அதை அணைக்கிறாள். அடுத்த தீவு, அடுத்த குழி, மறுபடியும் வெள்ளம். மாவி தீவில் நடந்த சண்டையில் பெலேயின் உடலே கிழிந்து எலும்புகள் கரையில் சிதறின என்று ஒரு குன்றைக் காட்டுவார்கள். கடைசியில் தென்கிழக்கிலுள்ள ஹவாய்த் தீவுக்கு வந்து கீலவேயா மலையில் தோண்டிய குழியை மட்டும் கடலால் எட்ட முடியவில்லை. அங்கேதான் அவள் இன்றும் குடியிருக்கிறாள்.

புவியியலாளர்கள் இந்தக் கதையைக் கேட்டால் சற்றுத் தலை நிமிர்வார்கள். பசிபிக் தகடு ஒரே இடத்தில் எரியும் அடுப்பொன்றின் மேல் வடமேற்காக ஊர்கிறது. அதனால் வடமேற்கிலுள்ள காவாய் தீவுக்கு 50 லட்சம் வயது, மாவி அதைவிட இளையது, ஹவாய்த் தீவு பத்து லட்சத்தைக்கூட எட்டவில்லை. பெலே நடந்த வரிசையும் பாறைகளின் வயது வரிசையும் ஒன்றே. தீவுகளில் வாழ்ந்தவர்கள் தகடுகளை அறிந்திருந்தார்கள் என்று இதற்குப் பொருள் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் எந்தத் தீவு அரித்துக் கரைந்து பச்சைப் பிடித்திருக்கிறது, எது இன்னும் கறுப்பாகச் சூடாக இருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்களுக்கு எது மூத்தது எது இளையது என்று தெரியாமல் இருந்திருக்கும் என்று நினைப்பதுதான் அபத்தம்.

அக்கா தங்கைச் சண்டையை 2018இல் உலகமே பார்த்தது. பூனா பகுதியில் நிலம் பிளந்து எரிமலைக்குழம்பு 700 வீடுகளுக்கு மேல் விழுங்கி, கபோஹோ குடாவை மூடி, கடலில் இறங்கியது. நீராவி எழ எழ இறுகி, சுமார் 875 ஏக்கர் புது நிலமானது. பிளவுகளின் ஓரத்தில் ஊர்மக்கள் 'தி' என்ற செடியின் இலைகளைக் காணிக்கையாக வைத்தார்கள். எரிமலைத் துறையினர் அளவுக்கருவிகளோடு நின்றதும் அதே ஓரத்தில்தான்.

அப்படியிருக்க பெலேக்கு ஏன் வானத்தில் தாயருகே இடமில்லை என்று கேட்கலாம். அவள் ஏற்கெனவே வேறிடத்தில் குடியேறிவிட்டாள். 1979இல் வாயேஜர் 1 வியாழனின் நிலா ஐயோவைக் கடந்துபோனபின் எடுத்த படத்தில், விளிம்பில் குடைபோல ஒரு புகைமண்டலம் எழுவதை லிண்டா மொராபிட்டோ கவனித்தார். பூமிக்கு வெளியே எரிமலை ஒன்று வெடிப்பதை மனிதர் கண்டது அதுவே முதல்முறை. அந்த எரிமலைக்கு வைத்த பெயர் பெலே. சூரியக் குடும்பத்திலேயே அதிகமாகக் கொதிக்கும் நிலத்தில் அவள், மைனஸ் 220 டிகிரிக் குளிரில் அவள் தாயும் சகோதரிகளும்.

இனி அந்தக் குளிருக்குப் போவோம். ரபினோவிட்ஸ் இந்தப் பெயரைத் தேர்ந்ததற்கு மலை மட்டும் காரணம் அல்ல. 2007இல் பிரவுனும் கிறிஸ்டினா பார்கூம், டாரின் ரகோசின், எமிலி ஷாலர் ஆகியோரும் வெளியிட்ட கட்டுரை ஒன்று ஹவுமேயாவுக்கு ஒரு பெரிய குடும்பமே இருப்பதைக் காட்டியிருந்தது. ஹவுமேயாவின் மேற்பரப்பு கிட்டத்தட்டத் தூய நீர்ப்பனி. கைப்பர் பட்டையில் இது அரிது. அங்குள்ளவை பெரும்பாலும் கதிர்வீச்சு பட்டுப் பழுத்துச் சிவந்து கிடக்கும். ஆனால் ஹவுமேயாவின் பாதையை ஒட்டிய பாதைகளில் சில சிறு பொருள்கள் அதே வெண்பனியோடு சுற்றிக்கொண்டிருந்தன. பாதைகளைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. குறைந்தது நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்த மோதல் ஒன்றில், பாறைக் கருவின் மேலிருந்த பனிப் போர்வை தெறித்து நிலாக்களாகவும் இந்தத் துண்டுகளாகவும் ஆனது என்பது அவர்கள் சொன்ன கதை. அடிபட்ட கோரமான வேகத்தில்தான் ஹவுமேயா இன்றும் சுழல்கிறது. உடம்பிலிருந்து பிள்ளைகள் பிறந்த தேவிக்கு இதைவிடப் பொருத்தமான வாரிசு கிடைக்காது.

பொருத்தம் அழகாக இருந்தது. கணக்குத்தான் ஒத்துவரவில்லை. ஹவுமேயாவின் ஈர்ப்பை மீறித் தப்பிக்க நொடிக்கு 900 மீட்டர் அளவு வேகம் தேவை. பெரிய மோதலில் சிதறும் துண்டுகள் இந்த அளவு வேகத்தையாவது சுமந்துகொண்டு பிரிய வேண்டும். ஆனால் குடும்பத்தினரின் பாதைகளைப் பார்த்தால் அவர்கள் நொடிக்கு சுமார் 150 மீட்டர் வேகத்தில் நிதானமாகப் பிரிந்து போனவர்களாகத் தெரிகிறார்கள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவர்களின் நடை அல்ல அது. இதற்கு விளக்கம் தேடிப் பலர் முயன்றார்கள். இரண்டு சம அளவுப் பொருள்கள் உரசிப் பிரிந்து மீண்டும் சேர்ந்தன என்றார்கள் சிலர். முதல் மோதலில் பிறந்த ஒரு பெரிய நிலா பின்னால் தானே உடைந்தது என்றார்கள் வேறு சிலர்.

2022இல் ஜெசிகா நோவியெல்லோ, ஸ்டீவன் டெஷ் உள்ளிட்டோர் முன்வைத்த விளக்கம் எனக்கு மற்றவற்றைவிடப் பிடித்திருக்கிறது. அவர்கள் கணக்கிலும் தொடக்கத்தில் ஒரு மோதல் உண்டு, ஆனால் குடும்பம் அப்போது பிறக்கவில்லை. மோதியவை கலந்து, பாறையும் பனியும் குழம்பிய ஒரே உடலாகின்றன. பாறையிலுள்ள கதிரியக்கத் தனிமங்கள் அதைச் சூடேற்றுகின்றன. பனி உருக, கனமான பாறை நடுவை நோக்கி அமிழ்கிறது. நிறை மையத்துக்குப் போனால் சுழற்சி வேகமெடுக்கும், கோண உந்தம் மாறாது என்ற விதி அது. நீண்ட உடலின் இரு நுனிகளிலும் ஈர்ப்பின் பிடி தளர்ந்து, பனி மெல்ல மெல்லக் கழன்று விழுகிறது. வெளியிலிருந்து யாரும் அடிக்கவில்லை. உள்ளே நடந்த மாற்றத்தால் அவளே வீசி எறிந்தவை அவை, அதனால்தான் வேகம் குறைவு. விவாதம் இன்னும் முடியவில்லை. முடிந்து இந்தக் கட்சியே வென்றால், 2008இல் மோதலை மனத்தில் வைத்துச் சூட்டிய பெயர் மோதல் கதை போனபின் இன்னும் கச்சிதமாகிவிடும். ரபினோவிட்ஸுக்கு அடித்த அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

பனியைப் பற்றி இன்னொரு புதிர் உண்டு. அந்தக் குளிரில் பனி படிக ஒழுங்கில்லாமல் உறைய வேண்டும். படிகமாக இருந்தாலும் விண்துகள்கள் இடித்து இடித்து ஒரு கோடி ஆண்டுகளில் அந்த ஒழுங்கைக் குலைத்துவிடும். ஹவுமேயாவிலும் ஹியியாக்காவிலும் இருப்பதோ படிகப்பனி. போதாக்குறைக்கு ஹவுமேயாவின் ஒரு பக்கத்தில் மற்ற இடங்களைவிடச் சற்றுச் சிவந்த, இருண்ட ஒரு திட்டும் இருக்கிறது.

வடிவக் கணக்குக்குச் சோதனை 2017இல் வந்தது. ஜனவரி 21 இரவு ஹவுமேயா ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போனது. நட்சத்திர ஒளியில் விழும் அதன் நிழல் ஐரோப்பாவின் மேல் கடக்கும் என்று முன்கூட்டியே கணித்து, பத்து ஆய்வகங்களில் பன்னிரண்டு தொலைநோக்கிகளைக் காத்திருக்க வைத்தவர் வேறு யாருமல்ல, ஓர்டிஸ். ஒவ்வோர் இடத்திலும் நட்சத்திரம் எத்தனை நொடி மறைந்தது என்பதைச் சேர்த்தால் நிழலின் வடிவம் கிடைக்கும். நீளம் சுமார் 2,320 கிலோமீட்டர். முன்பு நினைத்ததைவிடப் பெரிது. பெரிதானதால் அடர்த்தி குறைந்து, கன சென்டிமீட்டருக்கு 1.9 கிராமுக்கு அருகில் வந்து நின்றது. அதாவது பாறை நாம் கருதியதைவிடக் குறைவு. உள்ளும் புறமும் ஒரே பொருளாலான உடலுக்கான யாக்கோபியின் வடிவத்தில் அது அடங்கவில்லை. பாறைக் கருவும் அதைச் சுற்றிப் பனி ஓடும் தனித்தனியாக நீண்டிருப்பதாக வைத்துப் பார்த்தால்தான் பெருமளவு பொருந்துகிறது.

அன்று கிடைத்த பெரிய பரிசு வேறு. நட்சத்திரம் மறைவதற்கு முன்னும் பின்னும் ஒருமுறை லேசாக மங்கியது. ஹவுமேயாவைச் சுற்றி 70 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வளையம் இருந்தது! நெப்டியூனுக்கு அப்பாலுள்ள ஒரு பொருளுக்கு வளையம் கண்டது அதுவே முதல்முறை. வளையத்தின் துகள் ஒருமுறை சுற்றிவர, ஹவுமேயா மூன்று முறை சுழல்கிறது. நீண்ட உடல் சுழலும்போது அருகிலுள்ள துகள்களை அலைக்கழித்துத் துரத்தும் என்பதால் அந்த இடம் தற்செயல் அல்ல. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் பெயர் கிடைக்காதவரிடமிருந்து ஹவுமேயாவுக்கு அணி வந்து சேர்ந்தது.

பெயர் வைப்பதிலும் பின்னால் ஒரு மாற்றம் நடந்தது. ஹவுமேயாவின் பெயரை முன்மொழிந்தவர் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்காரர், தெய்வக் கதைகளிலிருந்து எடுத்தார். 2017 அக்டோபர் 19 அன்று மாவி தீவின் ஹலேயாகலா சிகரத்திலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியில் வேறொரு சூரியனின் வீட்டிலிருந்து வந்த முதல் விருந்தாளி பிடிபட்டபோது, பெயருக்காக ஹிலோவிலுள்ள ஹவாய் மொழி அறிஞர் லாரி கிமுராவிடமும் இமிலோவா வானியல் மையத்தின் கயீயு கிமுராவிடமும் போனார்கள். ஓமுவாமுவா அப்படிப் பிறந்தது, தொலைவிலிருந்து முதலில் வந்த தூதுவன் என்ற பொருளில். இதன் பெருமை புரிய இன்னொரு கணக்கைச் சொல்ல வேண்டும். 1896இல் பள்ளிகளில் பயிற்றுமொழி என்ற இடத்தை இழந்த ஹவாய் மொழியை, 1980களின் தொடக்கத்தில் பேசத் தெரிந்த 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. 1983இல் தொடங்கிய மழலையர் பள்ளி இயக்கம்தான் அதை மீட்டது. அதில் முன்னின்றவர்களில் லாரி கிமுரா ஒருவர்.

இமிலோவா மையம் பிறகு ஆ ஹுவா ஹே இனோவா என்ற திட்டத்தைத் தொடங்கி, ஹவாய் மொழிவழிப் பள்ளி மாணவர்களையே பெயர் சூட்ட வைத்தது. பூமியோடு கூடவே சூரியனைச் சுற்றும் ஒரு சிறுகோளுக்கு அவர்கள் தந்த பெயர் கமோவலேவா, ஊசலாடும் வானத்துண்டு. 2025இல் சீனா அனுப்பிய தியென்வென் 2 விண்கலம் அதிலிருந்து மண் எடுக்கப் போயிருக்கிறது. வியாழனின் பாதையில் எதிர்த்திசையில் ஓடும் இன்னொன்றுக்குக் குறும்புக்காரத் தோழன் என்ற பொருளில் கயேபவோகாவேலா என்று வைத்தார்கள். மிகத் தொலைவுக்குப் போய்வரும் ஒன்றும் இந்தத் திட்டத்தில் பெயர் பெற்றது. 2015இல் மவுனா கேயாவின் சுபாரு தொலைநோக்கியால் டேவிட் தோலன், சாட் த்ருஹியோ, ஸ்காட் ஷெப்பர்ட் மூவரும் கண்டது அது. சூரியனுக்கு மிக அருகில் வரும்போதே பூமி-சூரியத் தொலைவைப் போல 65 மடங்கு தள்ளி நிற்கும், விலகினால் இரண்டாயிரம் மடங்கைத் தாண்டும், ஒரு சுற்றுக்கு முப்பதாயிரம் ஆண்டுக்கு மேல். படைப்புப் பாடலான குமுலிப்போவில் வரும் லெலேயாகூஹோனுவா என்ற உயிரின் பெயர் அதற்கு. வலசைப் பறவையின் பயணத்தை அந்தப் பாதையோடு ஒப்பிட்டு வைத்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவைவிட இவை எனக்கு நெருக்கமாகத் தோன்றுகின்றன. பொருள் என்ன செய்கிறது என்பதைப் பார்த்து வைத்த பெயர்கள்.

வானத்தில் நடந்த இந்த இணக்கம் மலையில் இல்லை. 4,207 மீட்டர் உயரத்து மவுனா கேயா ஹவாயர்களுக்குப் புனித இடம். அங்கே இந்தியாவும் பங்காளியாக உள்ள முப்பது மீட்டர் தொலைநோக்கியைக் கட்ட முயன்றபோது 2019 ஜூலையில் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள், 30க்கும் மேற்பட்ட முதியவர்கள் கைதானார்கள். கட்டுமானம் இன்னும் தொடங்கவில்லை. தொலைநோக்கிகளின் வேலையை மதிக்கும் எனக்கும், தெய்வத்தின் பெயரைக் கோளுக்குக் கொடுத்துவிட்டால் மலைக்கு வாடகை தீர்ந்துவிடும் என்று நினைக்க முடியவில்லை.

ஹவுமேயாவின் வீட்டில் இப்போது மிகத் தொந்தரவு கொடுப்பவள் சின்ன நிலா நாமாக்கா. ஹியியாக்கா தாயின் நடுக்கோட்டை ஒட்டி ஏறத்தாழ வட்டமாகச் சுற்றுகிறாள், 300 கிலோமீட்டருக்கு மேல் விட்டம், தன்னைத்தானே பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுற்றிக்கொள்கிறாள். நாமாக்கா சுமார் 170 கிலோமீட்டர்தான். பாதையோ ஹியியாக்காவின் பாதைக்கு 13 டிகிரி சாய்ந்தது, நன்றாக நீண்டது. ஒரே தட்டில் ஒரே சமயம் பிறந்த நிலாக்கள் இப்படி இருக்கக் கூடாது. தாயின் நீண்ட உடல் ஒருபுறமும் ஹியியாக்காவின் ஈர்ப்பு மறுபுறமும் இழுக்க, அவள் பாதை ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. 2008ஐ ஒட்டிய சில ஆண்டுகள் அந்தப் பாதை பூமியிலிருந்து பார்க்க விளிம்பாகத் தெரிந்தது, நாமாக்கா தாயின் முன்னும் பின்னும் போய் மறைந்து வந்தாள். அது ஹவுமேயாவின் 284 ஆண்டுச் சுற்றில் இரண்டே முறை வாய்ப்பது. இப்போதைக்கு மிஞ்சியிருப்பது நட்சத்திர மறைப்பு. நிழலின் அகலம் 170 கிலோமீட்டர், ஊரும் பாதையில் அவள் சரியாக எங்கே இருப்பாள் என்பதைக் கணிப்பதில் வரும் பிழையோ எளிதில் அதைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு நிழலைப் பிடிக்க வேண்டுமானால், தொலைநோக்கிகளை நாடு முழுக்க ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தி, அவற்றில் ஏதாவது ஒன்றின் மேலாவது அது விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.